முறிந்த முதுகும் முறிக்கப்படும் எலும்பும்

அல்லாஹுத் தஆலா மனிதனுக்கு அளித்துள்ள அருட்கொடைகளுள் நிமிர்ந்த முதுகும் ஒன்று. கண்ணைப் பற்றியும் நாவைப் பற்றியும் பேசுகின்ற அளவுக்கு நாம் முதுகைப் பற்றிப் பேசுவதில்லை. அது பின்னால் இருப்பதால் நம் பார்வையில் படுவதில்லை. வலி வந்த பிறகே அதன் நினைவு வருகிறது. ஆனால் நம் தொழுகையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நிலையில் நிற்பதும், ருகூவில் குனிவதும், இஃதிதாலில் நிமிர்வதும், ஸுஜூதில் பணிவதும், இருப்பில் அமர்வதும் முதுகெலும்பு ஒத்துழைத்தால் மட்டுமே நடக்கும். ருகூவிலும் ஸுஜூதிலும் முதுகை நிலைப்படுத்தாதவனின் தொழுகை நிறைவு பெறாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மனித உடல் மண்ணில் மக்கிப் போனாலும் முதுகின் அடிநுனி எலும்பு எஞ்சியிருக்கும். அதிலிருந்தே அவன் மீண்டும் உருவாக்கப்படுவான் என்ற செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

இத்தகைய முதுகெலும்பைப் பற்றி இக்காலத்தில் ஒரு கேள்வி எழுந்துள்ளது. ஆராய்ச்சிக் கூடங்களில், இறந்தவர்களின் முதுகெலும்பை எடுத்துக் கருவியில் பொருத்தி, வேண்டுமென்றே முறிக்கிறார்கள். எலிகளின் தண்டுவடத்தை அடித்து நசுக்குகிறார்கள். உயிரோடிருப்பவரின் முறிந்த முதுகை எவ்வாறு சீராக்கலாம் என்று அறிந்து கொள்வதே இதன் நோக்கம். இது ஆகுமானதா? குணமாக்குவதற்காக முறிக்கலாமா?

இக்கேள்விக்கு 'கூடாது' என்று ஒரே சொல்லில் பதிலுரைப்பது எளிது. 'விஞ்ஞானம் வளரட்டும்' என்று சொல்லி விலகி விடுவதும் எளிது. இவ்விரண்டுமே நம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் வழிகள். ஆதலின் விஷயத்தை முதலில் விளங்கிக் கொண்டு, பிறகு மார்க்கத்தின் தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

மரத்திலிருந்து விழுபவர்

தஞ்சைத் தரணி நெல்லுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கங்களில் நெல்லைப் போலவே தென்னையும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் எண்ணற்ற தென்னைகளைச் சாய்த்தபோது, எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது என்பதை நாம் கண்டோம். அந்தத் தென்னைகளில் ஏறிக் காய் பறிக்கிறவர், காலில் ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டு, மூன்று நான்கு மாடி உயரத்துக்குச் செல்கிறார். மழையில் வழுக்கிய மரம், காய்ந்து போன மட்டை, தேய்ந்த கயிறு என ஏதேனும் ஒன்று கை கொடுக்க மறுத்தால் அவர் கீழே வருகிறார்.

பாதத்தின் மீதோ புட்டத்தின் மீதோ விழுகிறவரின் உடலில் என்ன நடக்கிறது? கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒன்றாக இணைந்து போன 9 என்று குழந்தைப் பருவத்தில் 33 முள்ளெலும்புகள் மனிதனுக்கு உண்டு. மார்புப் பகுதியை விலா எலும்புகள் கூண்டு போல் பிடித்து வைத்திருக்கின்றன. இடுப்புப் பகுதியோ வளைந்து கொடுக்கிறது. அசையாததும் அசைவதும் சந்திக்கிற இடம் மார்பின் கடைசி எலும்பும் இடுப்பின் முதல் எலும்பும். விழும் வேகம் முழுவதும் அங்கே வந்து மோதுகிறது. அந்த எலும்பு நான்கு புறமும் சிதறுகிறது. அதன் பின்புறத் துண்டு தண்டுவடம் இருக்கும் குழாய்க்குள் பாய்கிறது. தண்டுவடம் நசுங்கினால் கால்கள் உணர்வற்றுப் போகலாம். சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழக்கலாம். கவனிப்பு இல்லாவிட்டால் படுக்கைப் புண் எலும்பு வரை அரித்து விடும். ஒரு நொடியில் ஒரு குடும்பத்தின் தலைவர் குழந்தையைப் போல் பிறர் கையை எதிர்பார்ப்பவராகி விடுகிறார்.

ஏன் முறித்துப் பார்க்கிறார்கள்?

மருத்துவர் எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் பார்ப்பது முறிவு நடந்து முடிந்த பிறகு இருக்கும் நிலையை. முறிகின்ற அந்த நொடியில் எந்த மருத்துவரும் தென்னை மரத்தடியில் கருவியோடு நிற்பதில்லை. அந்த நொடியை மீண்டும் உண்டாக்கிப் பார்த்தால்தான், எலும்பு எப்படிச் சிதறுகிறது, துண்டு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பது விளங்கும். இதற்காகவே ஆராய்ச்சிக் கூடத்தில் முறிவைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். இறந்தவரின் முதுகெலும்பில் சில கணுக்களை எடுத்து, மேலும் கீழும் சிமெண்ட் போன்ற பொருளில் பதித்து நிறுத்துவார்கள். ஒரு குழாயின் வழியே எடையை அதன்மேல் விழச் செய்வார்கள். உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எலும்பு முறியும் வரை பார்ப்பார்கள்.

இந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர்களுள் ஒன்று இந்தியாவிலிருந்து சென்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மனோகர் பஞ்சாபி என்ற பொறியியல் அறிஞருடையது. 1990களில் அவரும் அவருடைய குழுவினரும் இவ்வாறு செய்த சோதனைகளில் ஓர் உண்மை வெளிப்பட்டது. பிற்பாடு படத்தில் தெரிகிற அளவைக் காட்டிலும், முறிகின்ற நொடியில் எலும்புத் துண்டு தண்டுவடக் குழாய்க்குள் அதிகம் பாய்ந்து, பிறகு சற்றே பின்வாங்கி நிற்கிறது என்பதே அது. படத்தில் சிறிய நெருக்கமே தெரிந்தும் நோயாளியின் கால்கள் ஏன் அசையவில்லை என்று திகைத்த மருத்துவர்களுக்கு இது ஒரு விளக்கம் தந்தது. உயிரோடிருப்பவரிடம் எந்த வழியிலும் கற்க முடியாத பாடம் இது.

முறித்த எலும்பை அத்தோடு விட்டு விடுவதில்லை. அதில் திருகாணிகளையும் கம்பிகளையும் பொருத்தி, குனிவது போலும் திரும்புவது போலும் வளைத்து, எத்தனை திருகாணி வேண்டும், எந்த இடத்தில் போட்டால் தளராது என்று அளக்கிறார்கள். இன்று நம் ஊர்க்காரர் ஒருவர் விழுந்து, தஞ்சையிலோ திருச்சியிலோ மதுரையிலோ அறுவை சிகிச்சை செய்து கொண்டு எழுந்து உட்காருகிறார் என்றால், அவர் முதுகில் இருக்கும் திருகாணிக்குப் பின்னால், பெயர் தெரியாத யாரோ ஒருவரின் முறிக்கப்பட்ட எலும்பு இருக்கிறது. இதை நாம் மறந்து விடலாகாது.

மார்க்கத்தின் தராசு

இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் இது உள்ளது. பாவத்தில் இரண்டும் சமம் என்ற விளக்கமும் மற்றோர் அறிவிப்பில் காணப்படுகிறது. கப்ரு தோண்டும்போது வெளிப்பட்ட எலும்பு ஒன்றை, தோண்டியவர் உடைக்கப் போன சந்தர்ப்பத்தில் இது கூறப்பட்டதென்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். எவருடைய எலும்பு என்றே தெரியாத எலும்பு அது. அதற்கே இந்தக் கண்ணியம்!

ஆனால் நம் ஃபுகஹாக்கள் இந்த ஒரு வாசகத்தோடு நின்று விடவில்லை. கர்ப்பிணி இறந்து விட்டாள். வயிற்றில் சிசு உயிரோடிருக்கிறது. வயிற்றைக் கீறலாமா என்ற மஸ்அலாவை அவர்கள் ஆராய்ந்தார்கள். சிசு பிழைக்கும் என்ற நம்பிக்கை இருப்பின் கீறலாம் என்று ஷாபிஈ, ஹனபீ மத்ஹபுகளின் அறிஞர்கள் தீர்ப்பளித்தார்கள். பிறருடைய விலையுயர்ந்த பொருளை விழுங்கி விட்டு ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்றும் பேசினார்கள். ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில், முறிந்த எலும்பைச் சேர்ப்பதற்குச் சுத்தமான எலும்பு கிடைக்காமல் அசுத்தமான எலும்பைக் கொண்டு சேர்த்தவருக்குச் சலுகை உண்டு என்றும், சுத்தமானது கிடைத்தும் அவ்வாறு செய்திருந்தால், பெருந்தீங்கு நேரும் என்ற அச்சம் இல்லாதபோது அதை எடுத்து விட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே, முறிந்த எலும்பின் வைத்தியமும் மார்க்கத்தின் வரம்பும் அருகருகே வைத்து எண்ணப்பட்டுள்ளன.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி இரண்டு பகுதிகளைக் கொண்டது. ளரூரத் எனும் நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது முதற்பகுதி. அந்த நிர்ப்பந்தம் எவ்வளவோ, அனுமதியும் அவ்வளவே என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவதை எளிதில் மறந்து விடுகிறோம்.

1987-இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம், குற்ற விசாரணை, நோயறிதல், மருத்துவக் கல்வி ஆகியவற்றுக்காக மய்யித்தை அறுத்துப் பார்ப்பதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. கல்விக்காக என்றால் இன்னாரென்று தெரிந்த மய்யித்தாயின் அவர் தம் வாழ்நாளில் சம்மதித்திருக்க வேண்டும், அல்லது வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். தேவைக்கு மேல் போகக் கூடாது. பெண்களின் உடலைப் பெண் மருத்துவர்களே கையாள வேண்டும் என்பன அந்நிபந்தனைகளுட்சில. நம் நாட்டு உலமாக்களில் பலர் இதை ஏற்கவில்லை. கண்ணியம் என்ற பொது விதியே முந்தும் என்கிறார்கள். இரு சாராரிடமும் ஆதாரம் உண்டு. இரு சாராரிடமும் இறையச்சம் உண்டு.

யாருடைய எலும்பு?

இவ்விவாதத்தில் ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. ஆகுமா, ஆகாதா என்பதற்கு முன்னால், யாருடைய எலும்பு முறிக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும்.

மருத்துவக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உடல்கள் வருகிற வழிகள் இரண்டு. தாமே எழுதிக் கொடுத்து விட்டு இறப்போரின் உடல்கள் ஒரு வகை. உரிமை கோர எவரும் இல்லாமல் இறப்போரின் உடல்கள் மற்றொரு வகை. அரசு மருத்துவமனையில் அவ்வாறு இறப்போரின் உடலை மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைக்க நம் மாநிலத்துச் சட்டமே வழி செய்கிறது. யார் இவர்கள்? பேருந்து நிலையத்தில் படுத்துறங்கியவர். வேலை தேடி வந்த வெளியூர்க்காரர். பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர். மனம் பேதலித்து அலைந்தவர். உயிரோடிருந்த காலத்தில் 'வேண்டும்' என்று சொன்னால் கேட்பதற்கு அவர்களுக்கு ஆளில்லை. இறந்த பிறகு 'வேண்டாம்' என்று சொல்வதற்கும் ஆளில்லை.

நம் வீட்டு மய்யித்தை நாம் எத்தனை மென்மையாகக் குளிப்பாட்டுகிறோம்! தண்ணீர் அதிகச் சூடாக இருக்கக் கூடாது என்கிறோம்; விரலை முரட்டுத்தனமாக மடக்காதீர்கள் என்கிறோம். அதே சமயம், நம் வீட்டில் ஒருவர் முதுகு முறிந்து கிடந்தால், 'எந்த வைத்தியம் இருந்தாலும் செய்யுங்கள் டாக்டர்' என்று கையைப் பிடித்துக் கொள்கிறோம். நம் எலும்பை எவரும் தொடக் கூடாது. ஆனால் பிறருடைய எலும்பிலிருந்து கற்றது நமக்கு வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துக் கொண்டிருப்பவர் ஒரு கடனைச் சுமந்திருக்கிறார். கடன் வாங்குவது பாவமன்று. வாங்கியதை மறப்பதே இழிவு.

'ஹதீஸ் முஃமினின் எலும்பைப் பற்றியது தானே, மற்றவர்களுக்குப் பொருந்துமா?' என்று சிலர் கேட்கலாம். யூதர் ஒருவரின் சடலம் கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர் அன்றோ என்ற பொருளில் பதில் கூறினார்கள். கண்ணியத்தை நம் மஹல்லாவின் எல்லையோடு நிறுத்திக் கொள்ள இந்த ஸுன்னத் இடம் தரவில்லை.

வாயில்லா ஜீவன்கள்

கேட்க ஆளில்லாதவர்களின் வரிசையில் விலங்குகளும் உண்டு. செத்த எலும்பு முறிவைக் காட்டும். நரம்பு எப்படி வாடுகிறது, எப்படித் துளிர்க்கிறது என்பதைக் காட்டாது. அதற்காகவே 1911-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் ஆலன் நாய்களின் தண்டுவடத்தின் மீது எடையை விழச் செய்து சோதித்தார். பின்னர் நியூயார்க்கில் உருவான கருவி ஒன்று 10 கிராம் எடையுள்ள கம்பியை 12.5, 25, 50 மில்லிமீட்டர் என்ற உயரங்களிலிருந்து எலியின் தண்டுவடத்தின் மேல் விழச் செய்கிறது. இதனால் காயத்தின் அளவை முன்கூட்டியே தீர்மானித்து, மருந்துகளை ஒப்பிட முடிகிறது.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண் நரகத்துக்குரியவள் ஆனாள் என்பதையும், உயிருள்ள பிராணியை அம்புக்கு இலக்காக்குபவர்கள் சபிக்கப்பட்டார்கள் என்பதையும் நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். உணவுக்காக அறுக்கும்போதே கத்தியைத் தீட்டு, பிராணிக்கு இலேசாக்கு என்ற கட்டளை பெற்ற சமுதாயம் நாம். ஆகவே தேவையின்றியும், மயக்க மருந்தின்றியும், ஏற்கனவே தெரிந்து விட்டதைத் திரும்பக் காட்டுவதற்காகவும் ஒரு பிராணியின் முதுகை நசுக்குவதை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், இச்சோதனைகளைக் கண்காணிக்கக் குழு அமைத்து, தேவையற்ற வேதனையைத் தவிர்க்கக் கட்டளையிட்டுள்ளது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலங்குகளில் நற்பலன் காட்டிய மெதில்பிரெட்னிசலோன் என்ற மருந்து, 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு முதுகு முறிந்தவர்களுக்கு உலகெங்கும் பெருமளவில் கொடுக்கப்பட்டது. பிறகு அதன் பயன் கேள்விக்குள்ளாகி, 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் அதற்கு எதிராகவே பேசியது. எலியிடம் கண்டது மனிதனிடம் அப்படியே பலிக்கும் என்ற உறுதி இல்லை. பலன் உறுதியில்லாத இடத்தில், வேதனை கொடுப்பதற்கு நூறு முறை யோசிக்க வேண்டும்.

நிர்ப்பந்தம் சுருங்கி வருகிறது

அப்படியாயின் ஆராய்ச்சியை நிறுத்தி விட வேண்டுமா? இல்லை. மரத்திலிருந்து விழுந்து கிடப்பவரின் வேதனையும் அல்லாஹ்வின் சந்நிதானத்தில் கணக்குக்கு வரும். நாம் சொல்வது அனுமதிக்கு ஓர் அளவுகோல் உண்டு என்பதே.

இன்று எலும்பைப் போன்றே செயற்கைப் பொருளில் முள்ளெலும்புகள் செய்யப்படுகின்றன. ஸ்கேன் படத்தைக் கணினியில் ஏற்றி, எலும்பை ஆயிரமாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறில் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்று கணக்கிடுகிறார்கள். இக்கணக்கு மெய்யான எலும்போடு ஒத்துப் போகிறதா என்று சரிபார்ப்பதற்கு இன்னும் மெய்யான எலும்பு தேவைப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் முன்பு பல எலும்புகளை முறித்து அறிந்ததில் ஒரு பகுதியையேனும் இன்று எதையும் முறிக்காமலே அறிய முடிகிறது. நிர்ப்பந்தம் சுருங்கினால் அனுமதியும் சுருங்க வேண்டும். தயம்மும் செய்தவருக்குத் தண்ணீர் கிடைத்து விட்டால் தயம்மும் நிலைப்பதில்லை அல்லவா?

ஆகவே, அனுமதிக்கும் உலமாக்களின் கூற்றை ஏற்போரும் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். மாற்று வழி உள்ள இடத்தில் மெய்யான எலும்பைத் தொடக் கூடாது. இறந்தவர் தம் வாழ்நாளில் மனமொப்பி எழுதியிருக்க வேண்டும். கேட்க ஆளில்லை என்பதைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு துண்டும் உரிய மரியாதையோடு அடக்கம் செய்யப்பட வேண்டும். பிராணிக்கு வேதனை தெரியக் கூடாது. தம் உடலைத் தாமே எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்கும் முஸ்லிம், தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடப்பாராக. இவ்வேட்டில் நாம் எவரையும் தூண்டவுமில்லை, தடுக்கவுமில்லை. ஆனால் எழுதிக் கொடுத்துச் சென்றவர்களை இளக்காரமாகப் பேசுவது நம் நாவுக்குத் தகாது. மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவன் ஆகான் என்பது நாம் கற்ற பாடம்.

கடனைத் தீர்க்கும் வழி

இக்கடனைத் தீர்க்கும் வழி ஆராய்ச்சிக் கூடத்தில் அன்று, நம் தோப்பில் தொடங்குகிறது. நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் தென்னந்தோப்புகள் உண்டு. காய் பறிப்பவர் எந்தச் சமயத்தவராயினும், அவர் முதுகு நம் பொறுப்பில் உள்ள அமானிதம். மழை நாளில் ஏறச் சொல்லாதீர்கள். கயிறு தேய்ந்திருந்தால் புதியது வாங்கிக் கொடுங்கள். ஏறும் கருவியைக் கொண்டு மரமேறத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. அக்கருவிக்கு ஆகும் செலவு, ஒரு முதுகுக்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவு. முறியாத முதுகுக்காக எவருடைய எலும்பையும் முறிக்க வேண்டியதில்லை.

விழுந்து விட்டால், பதற்றத்தில் தோளிலும் காலிலும் பிடித்து மடக்கித் தூக்காதீர்கள். 108-க்குச் சொல்லுங்கள். அசைத்தே ஆக வேண்டுமென்றால், தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கப் பலகையில் கிடத்துங்கள். சிதறிய எலும்பு நரம்பை மேலும் அறுத்து விடாமல் காப்பது பலருக்கும் தெரியாத பெரிய தர்மம்.

பிழைத்து வந்தவரை மூலையில் கிடத்தி விடாதீர்கள். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே அமைந்த மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பலன். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2019-இல் வெளிவந்த சக்கர நாற்காலி ஒன்று, அமர்ந்திருப்பவரை நிற்கவும் வைக்கிறது. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். மார்க்கம் அவரைத் தொழுகையிலிருந்து வெளியேற்றவில்லை. நம் பள்ளிவாசலின் படிக்கட்டுகள் அல்லவா வெளியே நிறுத்துகின்றன! ஒரு சாய்தளம் கட்ட எத்தனை மூட்டை சிமெண்ட் வேண்டும்?

இறுதியாக, ஒவ்வொரு ஜமாஅத்தும் தம் ஊர் அரசு மருத்துவமனையில் உரிமை கோருவாரின்றிக் கிடக்கும் உடலை விசாரிக்க இரண்டு பேரையாவது நியமிக்கட்டும். முஸ்லிமாயின் ஜனாஸாவுக்கு ஏற்பாடு செய்யட்டும். பிற சமயத்தவராயின் அவருடைய உறவைத் தேடிக் கொடுக்கட்டும். 'கேட்க ஆளில்லை' என்று ஓர் எலும்பும் முறிக்கப்படாதிருக்க, கேட்கும் ஆளாக நாம் இருப்போம்.

உயிரோடு முறிந்தவரைத் தாங்கவும், இறந்து கிடப்பவரைக் காக்கவும், வாயில்லா ஜீவனுக்கு இரங்கவும், வல்ல நாயன் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.